வயிற்றுத் தமனிப் புடைப்பு



வயிற்றில் வலி கண்டால் இந்நகரத்தார் 'அம்பல்' என்பர். நாமோ 'வாயு' என்று ஓமத்தைத் தேடுவோம். பெரும்பாலும் அவ்வளவே. ஆயினும், அரிதாக அவ்வலியின் பின்னே உயிர்க்கு உலைவைக்கும் நோயொன்று ஒளிந்திருத்தலும் உண்டு. வயிற்றுறுப்புகளுக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகளில் தோன்றும் புடைப்பே அது; 'அனியூரிசம்' என்பர் மருத்துவர்.

பழைய சைக்கிள் டியூப் நலிந்த இடத்தில் உப்புவதைக் கண்டிருக்கிறோம். தமனியின் சுவரும் நலிந்த இடத்தில் அவ்வாறே உப்பும். மண்ணீரல் தமனியே மிகுதியாக இதற்கு ஆளாகிறது. அடுத்தது கல்லீரல் தமனி. மண்ணீரல் தமனிப் புடைப்பு ஆடவரினும் பெண்டிரிடமே, அதிலும் பலமுறை கருவுற்றோரிடமே மிகுதி. கருவுற்ற காலத்தில் அது வெடிக்குமாயின் தாய், சேய் இருவர்க்கும் பேராபத்து. கணைய அழற்சியாலும் அடிபடுவதாலும் உண்டாகும் பொய்ப் புடைப்போ, சிறிதாயினும் வெடிக்கவல்லது.

1835-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. மறு ஆண்டே பண்டிட் மதுசூதன் குப்தர், சமூகத்தின் எதிர்ப்புக்கு அஞ்சாது, அங்கே மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். அந்நாளில் இத்தகைய புடைப்பை இறந்தோர் உடலை அறுத்தே காண முடிந்தது. இன்றோ, வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனிலேயே தற்செயலாகப் புலப்பட்டுவிடுகிறது. சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் அதன் இடத்தையும் அளவையும் தெளிவாகக் காட்டும்.

கண்டவுடன் கலங்க வேண்டுவதில்லை. சிறிதாய், துன்பம் தராததாய் இருப்பின், காலந்தோறும் படமெடுத்துக் கவனித்தலே பலர்க்குப் போதும். மண்ணீரல் தமனியில் 2 அல்லது 3 சென்டிமீட்டரை மீறினாலும், வலித்தாலும், வளர்ந்தாலும் சிகிச்சை வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குரிய வயதினர்க்கு அளவு சிறிதாயினும் மருத்துவர் சிகிச்சையையே பரிந்துரைப்பர். வயிற்றைத் திறவாமல், தொடை அல்லது கைத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, உலோகச் சுருளால் புடைப்பை அடைக்கலாம். 1975-இல் ஜியான்டூர்கோ என்னும் மருத்துவர் இத்தகைய சுருளை அறிமுகம் செய்தார். அது இயலாவிடின் அறுவை உண்டு. மண்ணீரலை அகற்ற நேர்ந்தால் தடுப்பூசிகள் இன்றியமையாதவை.

தாய்மார்களே! வீட்டு வேலை முடியட்டுமென்று வலியைப் பொறுப்பது நம் வழக்கம். திடீரென மேல்வயிற்றில் கடும்வலியும், இடத்தோளில் நோவும், வியர்வையும், மயக்கமும் கண்டால் பொறுத்தலாகாது. கசிந்த குருதி முதலில் உள்ளே ஒரு சிற்றறையில் தேங்குவதால் சற்றே தணிவு தோன்றலாம், அதை நம்பலாகாது. சில மணி நேரத்தில் மீண்டும் பெருகக்கூடும். ஊருக்குத் தொலைபேசியில் கேட்டுக் கைவைத்தியம் செய்யும் வேளையன்று அது. அண்டை வீட்டார் உடனே வண்டி அழைத்து, ஸ்கேனும் அறுவைக்கூடமும் உள்ள பெரிய மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும். பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் கையோடு கொண்டு செல்க.

உற்றார் தொலைவில் இருக்க, நமக்கு இங்கே உறவு அடுத்த வீடே. அவ்வுறவு உயிர்காக்கும் உறவாகுக!