சான்றிதழுக்குப் பிறகு



இன்றைய தலைப்பு இளைஞர் கொந்தளிப்பு. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வாள்வெட்டும் போதைப்பொருளும்தான் மனதில் வருகின்றன. பொலிஸ் பிடிக்க வேண்டியவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் இந்த நாட்டில் இளைஞர் பெருந்தொகையாகக் கொதித்தெழுந்த காலங்களைப் பாருங்கள். அதற்கு முன்னாலே அவர்கள் முகத்துக்கு நேரே ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது.

1971 ஏப்ரலிலே தெற்கில் துவக்குத் தூக்கியவர்களில் மிகப் பலர் படித்த பிள்ளைகள். சோதனை பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள். அந்த ஆண்டில் சர்வதேச தொழில் தாபனத்துக்காக டட்லி சீயர்ஸ் தலைமையிலான குழு இங்கே ஆராய்ந்து சொன்னதும் அதுதான்: பள்ளிக்கூடம் பிள்ளையின் மனதில் வளர்க்கிற எதிர்பார்ப்புக்கும் நாட்டில் கிடைக்கிற வேலைக்கும் பொருத்தமில்லை.

அதே காலத்தில் எங்கள் பக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. 400 புள்ளிக்கு 250 எடுத்தால்தான் தமிழில் எழுதிய பிள்ளை மருத்துவபீடம் போகலாம் என்றிருந்தது. சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. எங்கள் போராட்டம் உத்தியோகத்துக்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்துக்காகவும் மொழிக்காகவும் மானத்துக்காகவும் மாண்டவர்களை அப்படிச் சிறுமைப்படுத்த எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் காலத்தில் முதலில் தெருவுக்கு இறங்கியவர்கள் மாணவர்கள். அவர்களை இறக்கியது அந்த 21 புள்ளி.

தெற்கில் இரண்டாவது கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. தகுதியைப் பார்க்காமல் அரசியல் செல்வாக்கைப் பார்த்து வேலை கொடுத்தது இளைஞரின் பெரிய மனக்குறை என்று அது எடுத்துச் சொன்னது. ஏழ்மையைப் பொறுக்கிற பிள்ளை அநியாயத்தைப் பொறுப்பதில்லை.

இன்றைக்கு வருவோம். ஏ.எல். எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் ஏறத்தாழ இடம் கிடைக்கிறது. மற்ற மூவரை நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? 'தவறவிட்டவன்'. பட்டம் பெற்றவர்களே 2017இல் வேலை கேட்டு யாழ் மாவட்டச் செயலகத்தின் முன்னால் போராட்டத்தில் இருந்தார்கள். பிறகு தவறவிட்டவனுக்கு என்ன வழி?

தொழிற்பயிற்சி என்பார்கள். இருக்கிறது. ஏழு படிகளாகத் தேசிய தொழிற்தகைமை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நான் கேட்பது, சான்றிதழ் வாங்கிய மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை எங்கே போவது என்பதுதான். ஆறு மாதம் வெல்டிங் பழகிவிட்டு வீட்டுத் திண்ணையில் இருக்கிறவனுக்கு, பழகாமல் இருக்கிறவனைவிடக் கோபம் கூட. அவன் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றபோது எத்தனை பிற்றர்மாரும் மின்னியலாளரும் உருவாகிய பட்டறை மூடுண்டது! வேலையும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் அது. அதற்கு ஈடாக இன்னும் ஒன்று எழும்பவில்லை. அரசாங்கத்திடம் அதைக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு கதவை நாங்களே சாத்தி வைத்திருக்கிறோம். இந்த ஊரில் நின்று அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியதில் பயனில்லை. 1914இலே, மற்றப் பள்ளிக்கூடங்கள் ஏற்காத பிள்ளைகளுக்காகத் இங்கே தேவரையாளியில் பள்ளிக்கூடம் எழுப்பினார் சூரன் என்ற பெரியவர். ஏன் எழுப்ப வேண்டி வந்தது? கையால் வேலை செய்கிறவனைச் சாதி சொல்லித் திண்ணையிலும் ஏற்றாத ஊராக இது இருந்தது. அந்த நஞ்சு இன்னும் இறங்கவில்லை. மேசன் வேலைக்கு ஆளில்லை என்று குறைப்படுகிறோம், மகன் மேசன் வேலை பழகப்போகிறேன் என்றால் தாய் அழுகிறாள். அதே மகன் கட்டாருக்குப் போய் அதே வேலை செய்தால் 'வெளிநாட்டில் இருக்கிறான்' என்று சீதனம் பேசுகிறோம். கரணை பிடிக்கிற கைக்கு இங்கே மரியாதை கிடைத்தால், அவன் ஏன் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டப்போகிறான்?

நெல்லியடிச் சந்தியில் கராஜ் வைத்திருக்கிற அண்ணன்மார் இங்கே இருக்கிறீர்கள். பட்டறைக்காரர், மின்வேலை எடுக்கிறவர்கள், சோலர் பூட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். தொழில் வைத்திருக்கிறவர் ஒருவர் ஒரு பிள்ளையை எடுங்கள். எடுபிடியாக அல்ல, முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தோடு, வேலை பழக்கி எடுங்கள். வெளிநாட்டு உறவுகள் அந்த முதல் ஆறு மாதச் சம்பளத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். சனசமூக நிலையத்து வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இடப்பக்கம் இடம் தருகிறவர் பெயர், வலப்பக்கம் பழக வருகிறவர் பெயர். வலப்பக்கத்தில் பின்னேரமே பதினொரு பெயர் விழுந்துவிட்டது. இடப்பக்கம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. பேனையையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.