லாரிச் சக்கரமும் டீசல் செலவும்

எங்கள் ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் இருக்கிறது. மேற்கே ஒட்டன்சத்திரம், கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் பெரிய சந்தை. பாரம் ஏற்றிய லாரிகளை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். அந்த லாரி வாங்கும் டீசல் எங்கெங்கே செலவாகிறது என்று மாணவர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் லாரியின் எஞ்சின், எதிர்க்காற்றை விலக்க ஒரு பங்கு உழைக்கிறது. மற்றொரு பெரும் பங்கு டயர்களுக்குப் போகிறது. பாரம் தாங்கிய டயர், தரையைத் தொடும் இடத்தில் நசுங்கித் தட்டையாகிறது. மேலே எழும்போது பழைய வடிவம் பெறுகிறது. ரப்பரை நசுக்கச் செலவிட்ட சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி உஷ்ணமாகிவிடுகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற லாரியின் டயர் சுடுகிறதே, அது டீசலை விலையாகக் கொடுத்து வாங்கிய சூடு! இதற்கு உருளல் தடை என்று பெயர்.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். லாரியின் மொத்த எடை 25 டன். ஒரு டன்னை உருட்ட ஒருவகை டயருக்கு 7 கிலோ எடைக்குச் சமமான விசையும், மற்றொரு வகைக்கு 6 கிலோவும் வேண்டும் என்று கொள்வோம். வித்தியாசம் 25 கிலோ. அதாவது ஏறக்குறைய 245 நியூட்டன். ஒரு கிலோமீட்டருக்கு 245 கிலோஜூல். ஒரு லிட்டர் டீசலிலிருந்து சக்கரத்துக்குச் சுமார் 14,400 கிலோஜூல் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 1,000 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் மிச்சம். லட்சம் கிலோமீட்டருக்கு 1,700 லிட்டர்! கடன் வாங்கி ஒற்றை லாரி ஓட்டுபவருக்கு இது சிறு தொகையன்று. ஆயினும் டயர்க் கடையில் முதலில் எழும் கேள்வி விலைதான்.

டயரின் உள்ளமைப்பிலும் வேற்றுமை உண்டு. நம்மவர் 'நைலான் டயர்' என்று சொல்லும் பழைய வகையில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்திருக்கும். நசுங்கும்போது அவை ஒன்றோடொன்று இழுபட்டுச் சூடாகும். ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும்; மேலே எஃகுப் பட்டை இறுக்கிப் பிடிக்கும். பிரான்ஸின் மிஷலின் கம்பெனி 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. நம் நாட்டு லாரிகளில் பரவ அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று; அதிக பாரமும் மோசமான சாலையும் நைலான் டயருக்கு நெடுநாள் ஆதரவு தந்தன.

விசித்திரம் ஒன்று சொல்கிறேன். தேய்ந்த டயர் புதிய டயரைவிட எளிதாக உருளும். நசுங்குவதற்கு அதில் ரப்பர் குறைவு. அதற்காகப் பட்டன் தேய்ந்த டயரோடு கேரள மழையில் இறங்கலாமா? நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாத சக்கரம் வழுக்கும். சிக்கனமும் பிடிப்பும் ஒன்றையொன்று இழுப்பவை. ஆகவேதான் 2022 ஜூன் மாதம் வெளியான மத்திய அரசின் விதி, உருளல் தடைக்கு மட்டுமன்றி, ஈரச் சாலையில் பிடிப்புக்கும் அளவு வகுத்தது.

இனி, எந்த டயராயினும் காற்றுக் குறைந்தால் அதிகம் நசுங்கும்; டீசலும் கூடுதலாகும். பின்புறத்து இரட்டைச் சக்கரங்களில் ஒன்று தளர்ந்தால், அதன் பாரமும் அடுத்ததன்மேல் விழும். கிளீனர் கட்டையால் தட்டி ஓசை கேட்பது நல்ல வழக்கமே. ஆனால் சற்றே குறைந்த காற்றை ஓசை காட்டாது. அழுத்தமானியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதையும் வண்டி புறப்படுமுன் பார்க்க வேண்டும்; ஓடிச் சூடான டயரில் அழுத்தம் உயர்ந்திருப்பதால் குறை தெரியாமல் போகும்.