கொல்லையில் மல்லாட்டை, வேலியில் முருங்கை



திண்டிவனம் நகருக்குள்ளேயே கிடங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கோட்டை ஊர் அது. அந்த மன்னனைப் பாடியதுதான் நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. போகிற வழியெங்கும் என்னென்ன சாப்பிடக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே நடக்கிற நூல். இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் கருதும் எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன். வேலூரில் புளி சேர்ந்த சுடுசோறு. ஆமூரில் குத்தின அரிசிச் சோற்றோடு நண்டு.

ஆனாலும் படித்தவர் மனத்தில் தங்கிவிடுவது வேறொரு சாப்பாடு. பாணன் வீட்டு அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அடுப்பு எரிந்து எத்தனை நாளோ தெரியாது. பசி பொறுக்காத பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தாரோடு அதைப் பகிர்ந்து உண்கிறாள்.

மரக்காணத்தில் இன்று கண்ணுக்கெட்டும் தூரம் உப்பளங்கள். அந்தப் பெண்ணின் வறுமைக்கு அடையாளமாக இருந்தது கீரை; ஏதாவது ஒரு கீரை விழுப்புரம் மாவட்டத்து வீடுகளில் இன்றைக்கும் அன்றாடச் சாப்பாடு. ஒரே வேறுபாடு, இப்போது அதில் உப்பும் உண்டு, மல்லாட்டையும் உண்டு.

மல்லாட்டை என்றால் புரியாத வெளியூர் நேயர்கள் வேர்க்கடலை என்று எடுத்துக்கொள்ளலாம். மணிலாக்கொட்டை என்றும் சொல்வார்கள். திண்டிவனத்துக்கும் இந்தப் பயிருக்கும் உள்ள உறவு நாடறிந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து 1940-இல் வந்த டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூடப் பல பத்தாண்டுகள் கொல்லைகளை நிறைத்தது. 1967-இல் டி.எம்.வி. 7 வந்தது. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவைதான்.

விளைகிறதில் பெரும்பகுதி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் செக்குக்கும் போய்விடுகிறது. வீட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிற ஒரு மூட்டையில்தான் இந்த வட்டாரச் சமையலின் சூட்சுமம் இருக்கிறது. பறித்த அன்றே பச்சைக் காயைக் கல்லுப்புப் போட்டு அவித்துத் தின்பது பிள்ளைகளின் பங்கு. காய்ந்த பயறை, அதாவது உரித்த பருப்பை, ஊறவைத்துக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பு வைப்பார்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, புளி வைத்து அம்மியில் துவையல் அரைத்தால், இட்லிக்கும் ஆகும், பழைய சோற்றுக்கும் ஆகும், கூழுக்கும் ஆகும்.

ஆனால் கொஞ்ச நேரம் நின்று பேச வேண்டியது முருங்கைக்கீரைப் பொரியலைப் பற்றித்தான். அதற்காக மற்றவற்றைச் சுருக்கினால் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மயிலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இதைச் செய்யச் சொல்லி ஒலிப்பதிவு செய்யப் போனபோது, பாட்டி ஒருவர் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் முறத்தை எடுத்துவைத்தார். வந்தவர் கையிலும் ஒரு பிடி காயைக் கொடுத்து உரிக்கச் சொன்னார். உரித்த பயறை முறத்தில் பரப்பி, சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை படர்ந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகத் தள்ளினார். “இதெல்லாம் வாணாம்பா, கசக்கும். கோழிக்குக்கூடப் போடக் கூடாது.”

பாட்டி சொன்ன அந்தக் கோழி விஷயத்தை உலகம் 1960-இல்தான் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது, தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை இருந்தது. அது உண்டாக்கும் நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே நேயர்களே, முறத்தில் பொறுக்குகிற அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். காயை நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் வைப்பதும் அதே அளவு முக்கியம்.

இனி அடுப்புக்கு வருவோம். பொறுக்கிய பயறில் ஒரு கைப்பிடி எடுத்து, இரும்பு வாணலியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். தோல் வெடித்து வாசனை வந்ததும் இறக்கி ஆறவிட்டு, உள்ளங்கையில் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். முறத்தில் ஒரு புடை. காய்ந்த மிளகாய் இரண்டு, பூண்டு நான்கு பல், உப்புச் சேர்த்து உரலில் கொரகொரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும். மிக்ஸி என்றால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். விடாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும்.

முருங்கைக்கீரையை முற்றின காம்பில்லாமல் உருவி, இரண்டு தடவை அலசிக்கொள்ளலாம். கடலை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் கீரையைப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். மூடி வைக்க வேண்டாம். கீரை வெந்து தண்ணீர் சுண்டியதும் இடித்த பொடியைத் தூவி, இரண்டு கிளறு கிளறி இறக்கிவிட வேண்டும். பொடி போட்ட பிறகு அடுப்பில் வைத்திருந்தால் வாசனை போய்விடும்.

இந்தச் சேர்க்கைக்கு ருசி மட்டும் காரணமில்லை. கீரையில் இருந்து வைட்டமின் ஏ உடலில் சேர வேண்டுமானால் கூடவே கொழுப்பு வேண்டும். மல்லாட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைய எண்ணெய்தான். ஏறக்குறையக் கால் பங்கு புரதம். 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கூழுக்கான கேழ்வரகிலும் அப்படியே. பசும்பாலில் இது 120 அளவில்தான். இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச் சத்தும் நன்றாக உடலில் சேரும். காசு கொடுத்து வாங்குகிற ஊட்டச்சத்து மாவு டப்பாவுக்கு முன்னால் இந்தத் தட்டைத் தயங்காமல் வைக்கலாம்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது பக்கத்தில் இருப்பதும் இதே முருங்கைக்கீரைதான். கூடவே மரக்காணம் கடற்கரையிலிருந்து வருகிற கருவாட்டில் கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைத்த கூழுக்கு இவற்றைவிட நல்ல துணை வேறில்லை.

கத்தரிக்காய் கடைசலைச் சொல்லாமல் போனால் விழுப்புரத்து நேயர்கள் கோபித்துக்கொள்வார்கள். கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய், வெங்காயம், துளி புளி. மண்சட்டியில் குழைய வேகவைத்து மத்தால் கடைந்து தாளித்தால் முடிந்தது. வீட்டில் பருப்பு இல்லாத நாளில் குழம்பும் அதுதான், தொட்டுக்கொள்ளவும் அதுதான்.

இந்தக் காய்கறிக்கெல்லாம் வீட்டுத் தோட்டமே போதும். தோட்டம் என்றதும் பெரிய இடம் வேண்டுமோ என்று நினைக்க வேண்டாம். வேலியோரம் ஒரு முருங்கை, கூரைமேல் ஏற்றிவிட ஒரு சுரை, பந்தலில் அவரை, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் நான்கு கத்தரிச் செடி. சோப்பு நுரை மிகுந்த தண்ணீரை மட்டும் செடிக்கு விடாதீர்கள்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்த வட்டாரத்துக் கடற்கரையை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி எல்லாம் தண்ணீரில் போகிற ஆண்டிலும் சீக்கிரம் திரும்பி வருவது கீரைதான். அரைக்கீரை விதைத்த ஒரு மாதத்தில் கிள்ளலாம். முறிந்து விழுந்த முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் துளிர்த்துவிடும். சமையலறையைத் தாங்குகிற காப்பீடு வேறு என்ன வேண்டும்?

நேரம் நெருங்குகிறது. சாமை, உளுந்து, பரங்கிக்காய்ப் பொரியல் எல்லாம் இன்னொரு நாளைக்கு. பயறைப் பொறுக்குவதை மறக்காதீர்கள், பொடியைக் கடைசியில் தூவுங்கள். இந்தப் பருவத்து மல்லாட்டையை மொத்தமாக எடைபோட்டு அனுப்பும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு மூட்டையை ஒதுக்கி வையுங்கள். வேலியில் முருங்கை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டு வாங்கி இந்த வாரமே நட்டுவிடுங்கள்.