தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும்



ரசத்தில் உப்புக் குறைந்தால் நம் வீடுகளில் அது உடனே பேச்சாகிவிடும். "என்னம்மா, இன்னைக்கு உப்பே இல்ல?" என்று முதல் வாயிலேயே கேட்டுவிடுகிறோம். உப்பு சரியாக இருந்த நாளில் யாராவது அதைப் பற்றி வாய் திறந்ததுண்டா? வருடத்தில் 360 நாள் சரியாக இருந்த உப்பு கணக்கில் வராது. தவறிய 5 நாள்தான் கணக்கு.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதே கதையைச் சொல்வார்கள். ரயில் டிக்கெட் எடுக்கிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம். தொட்டதும் பக்கம் திறந்துவிட்டால் நாம் யாரையும் நினைப்பதில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால்தான் "எவன் செஞ்சான் இதை?" என்கிறோம். திறந்த ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால்கூடப் பக்கம் திறக்காமல் போய்விடுமாம். அந்த ஒரு குறியைத் தேடி மகள் இரவு 2 மணிவரை விழித்திருப்பாள். அடுத்த அறையில் அம்மா, "இன்னும் அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டிருக்கா" என்று முணுமுணுப்பார். மகள் எழுந்து வரும்போது இட்லி தட்டில் இருக்கும். மாவு எப்போது அரைத்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது. இருவர் செய்வதும் ஒரே விதமான வேலைதான். அது இருவருக்குமே தெரியாது.

புனித கார்லோ அகுதிஸை நம் இளையோர் அறிவார்கள். 1991இல் இலண்டனில் பிறந்து, இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்தவர். கணினி நிரல் எழுதுவதில் பெரும் பகுதியைத் தானாகவே கற்றுக்கொண்டு, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து ஓர் இணையதளம் அமைத்தார். 2006 அக்டோபர் 12 அன்று, 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். நாம் அவருடைய கணினியைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். ஆனால் அவருடைய அடக்கத் திருப்பலிக்கு வந்த கூட்டத்தில், குடும்பத்தாருக்கு அறிமுகமே இல்லாத ஏழைகளும் புலம்பெயர்ந்தவர்களும் இருந்ததாக அவருடைய தாய் கூறியிருக்கிறார். பையன் அவர்களுக்கு உதவி வந்தது அந்த நாளில்தான் வெளியே தெரிந்தது.

நற்செய்தியிலும் இப்படி ஒரு விருந்து உண்டு. அருள்பணியாளர்கள் குடியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, "கானாவூரில் ஆண்டவரே திராட்சை இரசம் செஞ்சாரே, சாமி" என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார். கேட்கட்டும். ஆனால் அந்தப் பகுதியை முழுவதும் படிக்க வேண்டும். இரசம் தீர்ந்ததை முதலில் சொன்னவர் யார்? அன்னை மரியா. அது விருந்து கொடுத்தவர்களுக்குத் தலைகுனிவாகிவிடும் முன்பே அவர் கவனித்துவிட்டார். ஆறு கற்சாடிகளைப் பணியாளர்கள் விளிம்புவரை நிரப்பினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். குழாயைத் திருகும் காலமல்ல, மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். பந்தி மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்து மணமகனைப் பாராட்டினார்; இரசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளர்களுக்குத் தெரியும் என்று யோவான் எழுதுகிறார். எத்தனையோ சொல்லாமல் விட்ட நற்செய்தியாளர் இதை விடவில்லை.

நாங்கள் வீடு மந்திரிக்கச் சென்ற ஓர் இல்லத்தில் கேட்டதை, அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். தகப்பனார் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உறவினர் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியப்பா மகனுக்குக் காக்டெயில் கலக்குவதில் தனி ஆர்வம். வீட்டில் மகள் இணையதள வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். அவள் முன்னதாகவே போன் செய்து, "இந்த வருஷம் கலக்குற வேலை என்னோடது அண்ணா, பாட்டில் எல்லாம் கார்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். நன்னாரி சர்பத் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, மேலே சோடா, ஐஸ், கசக்கிய புதினா. வீட்டிலிருந்த நல்ல கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து விளிம்பில் உப்புத் தடவி, பதினான்கு பேருக்கும் ஒரே மாதிரி கொடுத்தாள். அப்பாவுக்கென்று தனியாக ஜூஸ் இல்லை. தனியாக ஒரு பார்வையும் இல்லை. அவர் எல்லோரோடும் சேர்ந்து குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டாராம்.

"கோப்பையெல்லாம் கழுவும்போதுதான் எனக்குப் புரிஞ்சது, சாமி" என்றார் அந்த அம்மா. "அதுவரைக்கும் கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கான்னு திட்டிக்கிட்டே இருந்தேன்."

"அவளிடம் சொன்னீர்களா?"

"எப்படிச் சொல்றது, சாமி?"

நேயர்களே, நம் வீடுகளின் சிக்கல் இதுதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 13 அன்று தம் புதன் மறைக்கல்வி உரையில், குடும்பத்துக்குத் தேவையான மூன்று சொற்களைப் பற்றிப் பேசினார். தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும். நல்ல சொற்கள்தான். ஆனால் நம் ஊரில் அம்மாவிடம் போய் "நன்றி" என்று சொன்னால், "என்னடா ஆச்சு உனக்கு, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கணவன் மனைவியிடம் சொன்னாலோ சந்தேகமே வந்துவிடும். சொல்லாமலே புரியும் என்று இருந்துவிடுகிறோம். பல வீடுகளில் அது புரிவதில்லை. அடக்கத்தின்போது மட்டும் எல்லாம் நினைவுக்கு வந்து அழுகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

அந்த அம்மாவிடம், "சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, ஒரு காபி போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள்" என்றோம். சில வாரங்கள் கழித்து ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வந்து சொன்னார். இரவு 12 மணிக்குக் காபியோடு போய், "என்னதான் எழுதுற, காட்டு" என்று கேட்டாராம். மகள் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாளாம். திரையில் இருந்தது ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் காபி ஆறும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.