வேரைக் காத்தோம், கூரை வேய்ந்தோமா?

(சங்கக் கூட்டத்திற் பேசியது)



பல்லைப்பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். ஆலங்குச்சியின் பெருமையை இச்சபைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சூத்தை பல்லைத் தின்றபின் செய்யவேண்டியதையே இன்று பேச எண்ணினோம்.

முன்னாளிலே பல்லுக்கொதிக்குக் கண்ட மருந்து குறடு. இந்நாளிலோ வேர்ச்சிகிச்சை உண்டு. பல்லின் நடுவே பழுதுற்ற நரம்புச்சதையை அகற்றி, வேர்க்குழாயைக் கழுவி, கட்டாப்பேர்ச்சா என்னும் பிசினால் அடைக்கிறார்கள். எம்மவர் பலர் உத்தியோகம் பார்க்கச் சென்ற மலாயா நாட்டு மரத்தின் பால்தான் அது.

அத்துடன் கொதி நிற்கும். பிழையும் அங்கேதான் தொடங்கும். நம்மிற் பலர் வைத்தியரிடம் திரும்பிப் போவதில்லை. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்காகத் திரிகிறோம். ஒருநாள் புழுக்கொடியலைக் கடிக்கக் கொடுப்புப்பல் பிளக்கின்றது. பிளவு வேருக்குள் இறங்கினால் மறுபடியும் குறடுதான். காசும் போயிற்று, பல்லும் போயிற்று.

வேர்ச்சிகிச்சையாற் பல் காய்ந்து பொரிந்துவிடும் என்பர் சிலர். அதுவன்று முதற்காரணம். சூத்தை தின்றதும், சிகிச்சைக்காக வெட்டியதும் போக, எஞ்சிய சுவர் மெலிந்துவிடுகின்றது. அடைப்புக் கசிந்தாற் கிருமியும் மீண்டும் வேருக்குள் இறங்கும். அத்திவாரமிட்டுக் கூரை வேயாத வீடு மாரிக்கு நிற்குமா? 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்விலே, வேர்ச்சிகிச்சை பெற்றுக் கிறவுண் பூட்டாத பற்கள், பூட்டியவற்றிலும் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டமை காணப்பட்டது.

முன்பல்லிற் பழுது சிறிதாயின் நல்ல அடைப்பே போதும். கொடுப்புப்பல்லோ மெல்லும் பாரத்தைத் தாங்குவது. பெரும்பாலும் அதன் மேற்புறத்தை மூடிக் கிறவுண் பூட்டவேண்டும். பல் பெரிதும் அழிந்திருந்தால், வேருக்குள் ஒரு தண்டை நாட்டி, அதன்மேல் அடிக்கட்டை எழுப்பிப் பூட்டுவர். இது முற்றிலும் புதிதன்று. பிரான்சிய வைத்தியர் பியர் போஷார் 1728 இல் வெளியிட்ட நூலிலேயே தண்டு நாட்டிப் பல் பொருத்தும் முறையை விவரித்துள்ளார்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். தண்டு பல்லுக்குப் பலந்தருவதன்று. அடிக்கட்டையைப் பிடித்திருப்பதே அதன் வேலை. பலம், முரசுக்கு மேல் நிற்கும் சொந்தப் பல்லில் இருக்கின்றது. சுற்றிவர 2 மில்லிமீற்றர் உயரமாவது நல்ல பல் நின்றால், வண்டிச் சில்லை இரும்புப்பட்டை இறுக்குவதுபோலக் கிறவுண் அதனை இறுக்கிக் காக்கும். அது இல்லாவிடின், முரசைத் தாழ்த்தியோ வேரை மெல்ல மேலே இழுத்தோ இடமுண்டாக்க முயல்வர். அதுவும் இயலாதாயின், பல்லைக் கழற்றுவதே நேர்மையான வைத்தியம்.

கிறவுணுக்குச் செலவு உண்டு. ஆகையால் வேர்ச்சிகிச்சை தொடங்குமுன்னரே, "ஐயா, இந்தப் பல்லை மேலே கட்டி எழுப்பலாமா? எல்லாமாக எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

இளைஞர்களே, "கொதி நின்றுவிட்டது தம்பி, இனி என்னத்துக்கு?" என்று வீட்டிலுள்ள பெரியவர் சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். சைக்கிளில் ஏற்றியாவது வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். தொடங்கிய வேலையை முடித்தாலன்றோ காத்த வேர் பயன் தரும்?