கையெழுத்துப் போட மட்டும் ஒரு குழுவா?

(கண்மாய் மீன்பாசி குத்தகை குறித்த விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மீன்பாசி ஏலமே வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை. கண்மாய் மீன் ஊருக்கு வருமானம். வலை போடுகிறவரும் நம்மைப் போல உழைக்கிற ஜனம்தான். அவரோடு நமக்குச் சண்டை இல்லை. நாம் கேட்பது ஒண்ணே ஒண்ணு. ஒரே தண்ணியில் நெல்லும் விளையுது, மீனும் வளருது. அந்தத் தண்ணியைப் பற்றி முடிவு எடுக்கிற இடத்தில் பாசன விவசாயிக்கு என்ன அதிகாரம் இருக்கு?

"உங்களைக் கலந்துதானே செய்யறோம், குழு இருக்கே" என்கிறார்கள். எப்படிக் கலந்தார்கள்? ஏலம் முடிந்து, பணம் கட்டி, ரசீதும் போட்ட பிறகு நோட்டை நீட்டுகிறார்கள். "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். இதற்குப் பேர் ஆலோசனையா தோழர்களே? தாலி கட்டின பிறகு பொண்ணைப் பிடிச்சிருக்கான்னு கேட்கிற கதையால்ல இருக்கு!

குத்தகைதாரர் கணக்கு வேறு, நம்ம கணக்கு வேறு. அவருக்குப் பசலி ஆண்டுதான் கணக்கு. ஜூன் 30-க்குள் மீனை எடுத்தாகணும். தண்ணி வத்தினால்தான் வலைக்கு வசதி. நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் பெருகின கண்மாய், கதிர் பால் பிடிச்சு முத்துகிற வரை தாங்கணும். அந்த நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிட்டால் கடைமடைப் பயிர் என்ன ஆகும்? மறுகால் போகும்போது மீன் தப்பிடக் கூடாதுன்னு கலுங்கில் தட்டியும் வலையும் கட்டுகிறார்கள். செத்தை வந்து அடைச்சு கரை உடைஞ்சால் யார் பொறுப்பு? அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டு, கோழிக் கழிவைக் கொட்டினால் அந்தத் தண்ணியில் மாடு வாய் வைக்குமா? விரால், கெண்டைக் குஞ்சையும் அந்தக் கெளுத்தி தின்று தீர்த்துவிடும்.

இதுக்கெல்லாம் ஒழுங்கு கொண்டுவர முடியாதா? முடியும். சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் மீன்பிடித் திருவிழா நடக்குது. அறுவடை முடியணும், தண்ணி குறையணும், ஊர்ப் பெரியவர் துண்டை வீசணும். அதற்குப் பிறகுதான் ஊத்தாவோடு ஜனம் இறங்கும். வெள்ளாமைதான் முதல், மீன் அடுத்ததுன்னு ஊரே ஒத்துக்கொண்ட சட்டம் அது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு கி.பி. 919, 921-ல் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், குடவோலை மூலம் தேர்வு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் திரும்ப வர முடியாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அதில் இடம், உழுதவனுக்கு இல்லை. அந்த அநியாயத்தைத் தள்ளுவோம். கணக்குக் கேட்கிற வழக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

வெளிநாட்டையும் பாருங்கள். அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் நாடுகள். அங்கே மீன்வளம் காக்க 1954-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் ஆலோசனைக் குழு வைக்கலாம் என்றும், ரகசியமாக நடத்துகிற கூட்டம் தவிர மற்ற கூட்டங்களில் அந்தக் குழுவினர் கலந்துகொள்ள உரிமை உண்டு என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். இரண்டு தேசத்து ஏரிக்கே அந்த உரிமை இருக்கும்போது, நம்ம ஊர்க் கண்மாய் ஏலத்தில் நாம் வாசலுக்கு வெளியே நிற்கணுமா?

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. ஏலத்துக்கு முன்பே குழு கூட வேண்டும். குத்தகை நிபந்தனைகளைக் குழுவின் சம்மதத்தோடு எழுத வேண்டும்.

2. அறுவடை முடியும்வரை மீனுக்காக மடை திறக்கவோ, இன்ஜின் வைத்து இறைக்கவோ கூடாது. கால்நடைக்கு நிற்க வேண்டிய தண்ணீர் அளவை மடையில் குறியிட வேண்டும்.

3. கலுங்கில் அடைப்பு, தடை செய்த மீன், கோழிக் கழிவு கண்டால் குத்தகை ரத்து.

4. கடைமடை விவசாயி, நீர்பாய்ச்சி, வலை போடுகிறவர், பெண்கள் ஆகியோருக்குக் குழுவில் இடம்.

5. குழு சொன்னதை அதிகாரி ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

6. குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு கரைக்கும் மடைக்கும். வரவு செலவைக் கிராம சபையில் படிக்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து பேசினால் இது நடக்காது. ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். அந்தந்த அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய் கட்டி குத்தகை நிபந்தனை நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் எழுந்து நின்று இந்த 6 கோரிக்கையையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஒருத்தர் கேட்டால் "உட்காரய்யா" என்பார்கள். ஆயக்கட்டே எழுந்து நின்றால் யாரை உட்காரச் சொல்ல முடியும்?

கலந்து பேசு, பிறகு ஏலம் விடு!
கண்மாய்க் கணக்கை ஊருக்குக் காட்டு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!