கண்ணும் கஞ்சியும்

மோட்டார் தொழிலாளர் கூட்டமொன்றிலே நான் பேசியது இது. கேட்டவர்களுக்குச் சொன்னதையே, படிக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன். மருத்துவரின் அறை. சுவரிலே எழுத்துப் பலகை. எதிரே ஓட்டுநர், வயது 48, இருபதாண்டுக் காலம் இரவுப் பேருந்து ஓட்டியவர். "படியுங்கள்" என்கிறார் மருத்துவர். தடுமாறவில்லை, தயங்கவில்லை, கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பிக்கிறார்! சான்றிதழில் கையெழுத்து விழுகிறது. வெளியே நண்பர் கேட்கிறார்: "எழுத்தெல்லாம் தெரிந்ததா அண்ணே?" "எழுத்து எங்கே தெரிந்தது தம்பி! எனக்கு முன்னே போனவர் படித்தபோதே மனப்பாடம் செய்துகொண்டேன்!"

கூட்டத்திலே சிரித்தார்கள். நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரிப்பு அடங்கட்டும், ஒன்று கேட்கிறேன். அவர் ஏன் மனப்பாடம் செய்தார்? ஐம்பது உயிர்களோடு விளையாடும் கல்நெஞ்சரா அவர்? அல்லர்! மோதினால் கண்ணாடி முதலிலே கிழிப்பது அவருடைய முகத்தை அல்லவா! உயிர் போய்விடுமே என்ற அச்சத்தைவிடப் பெரியதோர் அச்சம் அவரை ஆட்டிப் படைக்கிறது. வேலை போய்விடுமே என்ற அச்சம் அது. கண் போனால் கஞ்சி போகும். ஆகவே கண் போனதை மறைக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன்தான் நான். ஆயினும் படிவம் படிக்கத் தெரியும். பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வண்டிக்கு உரிமம் கேட்போர் மருத்துவச் சான்று தரவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்கென்று 1-ஏ என்றொரு படிவம். கடுமையான நிறக்குருடு உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண் பலகை தெரிகிறதா? மாலைக்கண் உண்டா? காது கேட்கிறதா? நல்ல கேள்விகள்தான், குறை கூறேன். ஆனால், உறங்கினீரா என்ற கேள்வியை அதிலே காணோம்! குறட்டையின் நடுவே மூச்சடைத்து மூச்சடைத்து விழித்து, மறுநாளெல்லாம் கண் சொக்க வைக்கும் நோய் ஒன்று உண்டே, அதைப்பற்றி ஒரு வரி காணோம். முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பித்தார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஐந்தாண்டாக்கியது. ஐந்தாண்டிலே சர்க்கரை வராதா? கண்புரை வளராதா?

உறக்கம் என்றேனே, அதற்கும் சட்டம் உண்டு. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அந்த எட்டு எத்தனை பேருக்கு எட்டியது? நெடுஞ்சாலைத் தேநீர்க் கடையில், விடியற்காலை மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டிருக்கும் லாரி ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள்!

நம் நாட்டில் மட்டுமா இந்த மறைப்பு? 2014 டிசம்பர் 22. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். கிறிஸ்துமஸ் கூட்டம் நிறைந்த கடைத்தெரு. குப்பை லாரி ஓட்டியவர் நினைவிழந்தார். ஆறு பேர் மாண்டனர். பிறகு நடந்த விசாரணையிலே வெளிவந்தது என்ன? 2010இலேயே பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் மயங்கியவர் அவர். வேலையும் உரிமமும் நிலைக்கவேண்டும் என்று மருத்துவரிடம் உண்மையை மறைத்தவர். அவர் செய்தது பெரும் பிழை. மாண்டவர் குடும்பத்தின்முன் நின்று அதற்கு நியாயம் பேச நான் துணியேன். ஆனால், உண்மை சொன்னால் உலை கொதிக்காது என்ற நிலை இருக்குமட்டும் சோதனையை எத்தனை கடுமையாக்கினாலும் மனப்பாடம்தான் கூடும்.

வழி இல்லாமல் இல்லை. பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்தவரை நீக்கக்கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்று 1995இலேயே சட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நிறக்குருடு என்று கூறி 2016இல் ஓர் ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அதே ஊதிய நிலையில் தகுந்த வேறு வேலை கொடு, நிலுவையில் 25 விழுக்காடு கொடு! ஒன்பதாண்டு அலைந்தபின் கிடைத்த நீதி. ஆயினும் நீதி.

ஆனால் இது அரசு நிறுவனத்தின் பணியாளருக்கு. தனியார் பேருந்தை ஓட்டுபவருக்கு? வாடகை லாரிக்காரருக்கு? மாற்றுப் பணி தர அவருக்கு அலுவலகம் ஏது, மேசை ஏது? "கண்புரை, சிறு அறுவை, சில வாரத்தில் தேறிவிடலாம்" என்கிறார் மருத்துவர். அந்தச் சில வாரத்து அரிசிக்கு யார் பொறுப்பு?

ஆகவே கேட்டேன்: ஓட்டுநரின் கண்ணையும் காதையும் கேட்கும் அந்தப் படிவத்தின் அடியிலே இன்னும் ஓர் இடம் விடுங்கள். இவர் தகுதியிழந்தால் சிகிச்சைக்கு என்ன தருவேன், தேறும்வரை என்ன ஊதியம், தேறாவிட்டால் என்ன வேலை என்று வண்டியின் முதலாளி எழுதிக் கையொப்பமிட வேண்டிய இடம் அது. அதன்பின் எழுத்துப் பலகையை மாட்டுங்கள்.